வரையும் மங்கையை வரைதல்

உருவப்படத்திற்கு அமர்ந்திருப்போர் பெரும்பாலும் செயலற்றிருப்பர். ஓவியன் நோக்குவான், அவர்கள் நோக்கப்படுவார்கள். இவ்விரு நிலைகளும் ஒன்றோடொன்று கலவாமல் நிற்பதே உருவப்படக் கலையின் பொதுவிதி எனலாம். இவ்விதிக்குப் புறனடையாக அமைந்த சிறு வகை ஒன்று உண்டு. திறந்த வெளியில், மரநிழலிலோ மலைச்சாரலிலோ அமர்ந்து, மடிமீது பலகையையும் தாளையும் வைத்துத் தானே ஒரு காட்சியை எழுதிக்கொண்டிருக்கும் இளம்பெண்ணை மற்றொருவர் எழுதுவது அது. ஐரோப்பியக் கலையிலே 18ஆம் நூற்றாண்டு முதலாக இவ்வகைப் படங்களைக் காண்கிறோம். நோக்கப்படுபவளும் இங்கே நோக்குகிறாள், எழுதப்படுபவளும் எழுதுகிறாள். இதனால் உருவப்படத்தின் இலக்கணமே ஓரளவு மாறிவிடுகின்றது.

இவ்வகையை ஈண்டு ஆராயப் புகுவதற்குக் காரணம் உண்டு. பதுளையைத் தலைநகராகக் கொண்ட ஊவா மாகாணத்துத் தோட்டப்புறம் நூறாண்டுகளுக்கும் மேலாகப் படமாக்கப்பட்டு வருகின்றது. அப்படங்களில் மலையுண்டு, மஞ்சு உண்டு, தேயிலையுண்டு, கூடை சுமந்த பெண்ணும் உண்டு. அவள் கையில் எழுதுகோலைக் கண்ட படம் மாத்திரம் நம் பொதுநினைவில் இடம்பெறவில்லை. இவ்வின்மை தற்செயலானதா, அன்றிக் காரணமுடையதா என்பதே இக்கட்டுரையின் வினா. வினாவை அணுகுமுன் இவ்வகை ஓவியத்தின் பொருளையும் அமைப்பையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

கட்டியின் இயல்பு

இத்தகைய படங்களுக்கு ஏற்ற கருவிகளுள் ஒன்று கட்டி. கருங்கட்டி என்பது கரி கலந்த மென்மையான களிமண் பாறை, செங்கட்டி இரும்புத்தாது கலந்த மண், வெண்கட்டி சுண்ணக்கல். மூன்றும் நிலத்திலிருந்து அகழ்ந்து சீவி எடுக்கப்பட்டவை. இம்மூன்றையும் ஒரே தாளில் இணைத்து வரையும் முறையில் பிரெஞ்சு ஓவியர் வாற்றோ (1684–1721) பெரும்புகழ் பெற்றார். சாம்பல் நிறமோ மங்கிய நீலமோ கொண்ட தாளை எடுத்துக்கொண்டால், இடைப்பட்ட நிழலைத் தாளே தந்துவிடும். இருளுக்குக் கருங்கட்டியும், குருதி ஓடும் கன்னத்திற்கும் விரல் நுனிக்கும் செங்கட்டியும், நெற்றியிலும் உடைமடிப்பிலும் விழும் ஒளிக்கு வெண்கட்டியும் போதும்.

எண்ணெய்வண்ணம் உலர்வதற்கு நாட்கள் வேண்டும். நீர்வண்ணத்திற்குக் கிண்ணமும் நீரும் வேண்டும். கட்டிக்கு இவை ஒன்றும் வேண்டா. ஓரிடத்தில் நெடுநேரம் நில்லாத ஒன்றை, அதாவது ஒளியையோ, திரும்பும் தலையையோ, நகரும் கையையோ பற்றிக்கொள்ளக் கட்டி உதவும். ஆனால் கட்டியின் தூள் தாளைச் சாயமெனப் பற்றாது. அதன் மேற்பரப்பிலேதான் தங்கும். ஒட்டுநீர் தெளித்து நிலைப்படுத்தாவிடின் ஒரு கைபட்டாலும் அழியும். விரைவும் அழிவும் இவ்வாறு ஒரே பொருளில் உடனுறைகின்றன.

மறைந்த தாள்

வரையும் மங்கையின் படத்தை நுணுகி நோக்குவோர் மூன்று உறுப்புகளிற் கருத்தூன்ற வேண்டும்: கண், கை, பலகை. அழகியாகக் காட்டப்படும் பெண்ணின் கண் பெரும்பாலும் பார்ப்போரை நாடும்; அன்றேல் நாணித் தாழும். வரைபவளின் கண் இரண்டுமன்று. அது தான் எழுதும் பொருளை நோக்கி வெளியே செல்கிறது. பின் தாளுக்கு மீள்கிறது. ஓவியர் இவ்விரண்டில் ஒரு கணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிநோக்கிய கணத்தைத் தெரிந்தால் முகம் விரியும். தாளை நோக்கிய கணத்தைத் தெரிந்தால் முகம் ஒடுங்கிக் கை முதன்மை பெறும். வரையும் கையை வரைதல் எளிதன்று. அது ஓய்ந்திருப்பதுமில்லை, வன்மையாக இயங்குவதுமில்லை. விரல்களின் இறுக்கம் ஒன்றே அதன் தொழிலைப் புலப்படுத்தும்.

பலகையோ பெரும்பாலும் நமக்குப் புறங்காட்டி நிற்கும். அவள் எழுதுவது யாது என்பது நமக்குத் தெரியாது. இவ்வகைப் படத்தின் உயிர்நிலை இதுவே. அவள் முகத்தையும் உடையையும் ஓவியர் நமக்குத் தந்துவிடுகிறார். அவள் கருத்தைத் தருவதில்லை. அவளுடைய தாள் அவளுக்கே உரியதாக எஞ்சுகின்றது. ஒருவரை முற்றுங் கண்டுவிட்டோம் என்னும் செருக்கை இப்படம் பார்ப்போருக்கு அளிப்பதில்லை.

இங்கிலாந்து ஓவியர் ரொசெற்றி 1853இல் மைக்கோட்டால் எழுதிய படம் ஒன்று ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. அவர் பலமுறை எழுதிய எலிசபெத் சிடால் அதில் ஓவியராக அமர்ந்து வரைகிறார். ரொசெற்றி அவருக்கு உருவமாக அமர்ந்திருக்கிறார். நிகழ்வது அறைக்குள்ளேயாயினும், உறவு தலைகீழாகியமை கருதத்தக்கது. பல ஓவியருக்கு உருவமாக நின்ற சிடால் தாமும் ஓவியர் என்பதை அச்சிறு படம் சான்றுபகர்கின்றது. ஆயினும் சிடாலைப் பற்றி எழுதியோருட் பலர் அவர் முகத்தையே பேசினர்; அவர் கை எழுதியதை நெடுங்காலம் பேசினாரல்லர்.

நம் இலக்கியத்தில் வரையும் பெண்

இவ்வகைக்கு நம் மரபில் இடமுண்டா என நோக்குவோம். காளிதாசரின் துஷ்யந்தன் சகுந்தலையை எழுதுகிறான். சிந்தாமணியிற் சீவகன் குணமாலையை எழுதுகிறான். நெடுநல்வாடையில் அரசி, மேற்கட்டியில் எழுதிய திங்களையும் உரோகிணியையும் நோக்கி நெடுமூச்செறிகிறாள். ஆடவர் எழுதுவதும் பெண்டிர் எழுதப்படுவதும், அன்றேல் எழுதியதை நோக்கி ஏங்குவதுமே பெருவழக்கு. மணிமேகலை, நாடகமகளிர் கற்கும் கலைகளுள் ஓவிய நூலையும் எண்ணுகிறது. எனவே பெண்கள் ஓவியம் பயின்றனர் என்பதில் ஐயமில்லை. பாகவதக் கதையிற் சித்திரலேகை, தோழி உஷை கனவிற் கண்டவன் யாவன் என்று அறியும்பொருட்டுத் தேவரையும் மாந்தரையும் ஒவ்வொருவராக எழுதிக் காட்டுகிறாள். அவள் கையாற்றல் வியத்தற்குரியது. எனினும் அவள் எழுதுவது பிறர் காதலின் பொருட்டே.

திறந்தவெளியில் தன்பொருட்டுத் தானே எழுதும் மங்கையைக் காட்டுவது ஹர்ஷரின் இரத்தினாவளி நாடகம். 606 முதல் 647 வரை ஆண்ட அவ்வரசர் இயற்றிய இந்நாடகத்தின் தலைவி இலங்கைக்காரி என்பது நமக்குத் தனிச்சிறப்பு. சிங்கள மன்னன் விக்கிரமபாகுவின் மகள் இரத்தினாவளி கடலிற் கலமுடைந்து, வணிகன் ஒருவனாற் காக்கப்பட்டுக் கௌசாம்பியை அடைகிறாள். கடலிலிருந்து கிடைத்தமையாற் சாகரிகை எனப் பெயர் பெற்று, அரசி வாசவதத்தையின் பணிப்பெண்ணாகிறாள். வசந்தவிழாவில் அரசன் உதயணனைக் கண்டு காதல்கொள்கிறாள். அவனைப் பிறிதொருகாற் காண வழியின்மையால், வாழைப்பந்தரின்கீழ்ப் பலகையும் தூரிகையுங் கொண்டு அவன் உருவத்தை எழுதுகிறாள். அவளுக்கு இடப்பட்ட வேலையோ பூவைப் பறவையைப் பார்த்துக்கொள்வது. ஏவிய வேலையிலிருந்து களவாடிய நாழிகையிலேதான் அவள் எழுதுகிறாள்.

அவ்வேளை தோழி சுசங்கதை வருகிறாள். எழுதியிருப்பவன் காமன் எனச் சாகரிகை மழுப்ப, காமனுக்கு இரதி வேண்டாவோ என்று கூறிச் சுசங்கதை அதே பலகையிற் சாகரிகையின் உருவத்தை அருகே எழுதிவிடுகிறாள். வரையும் மங்கையை மற்றொரு மங்கை வரையும் இக்காட்சி, நாம் ஆராயும் வகையின் முழுவடிவம். சுசங்கதையின் நோக்கம் குறும்பாயினும் அவள் செய்தது திறனாய்வாளர் செயல். எழுதியவளை எழுத்திற்குள் இட்டு, மறைத்த கருத்தை வெளிப்படுத்திவிட்டாள்.

பின்னர் நிகழ்வன கவனத்திற்குரியவை. குரங்கொன்று அவிழ்ந்தோடிய அச்சத்திற் பெண்கள் பலகையைப் போட்டுவிட்டு ஓடுகின்றனர். அரசன் அதைக் கண்டெடுக்கிறான். எழுதப்பட்ட பெண்ணின் அழகில் ஈடுபடுகிறான். அரசியும் அதைக் காண்கிறாள், சினக்கிறாள். ஒருவனுக்கு அது காதற்சான்று, ஒருத்திக்குக் குற்றச்சான்று. அதை எழுதிய கையை ஓவியக் கையாக மதிப்பதை அரண்மனையின் பெருமக்களிடம் பெரிதுங் காண்கிலோம். முடிவில் அவளைச் சிறையினின்றும் பணியினின்றும் மீட்பது அவள் கலையுமன்று. அவள் அணிந்த மணிமாலையும், இலங்கை அமைச்சன் அவளை இனங்கண்டு கூறிய பிறப்புமே அவளை மீட்கின்றன. அரசகுலத்திற் பிறவாத பணிப்பெண் ஒருத்தி அப்பலகையை எழுதியிருந்தால் அவள் கதி யாதாகும் என்று நாடகம் வினவவில்லை. அவ்வினாவை நாம் ஊவாவில் வினவலாம்.

மலைநாடு வந்த ஓவிய மகளிர்

இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டிலே உயர்குடி மகளிர் வெளிக்காட்சி வரைதலைக் கற்கத் தொடங்கினர். போல் சான்பி 1780ஆம் ஆண்டளவில் எழுதிய ரொஸ்லின் கோட்டைப் படத்தில் பிரான்செஸ் ஸ்கொற் சீமாட்டி இருட்பெட்டிக் கருவியின் துணையால் வரைந்துகொண்டிருப்பதைக் காண்கிறோம். தோழி ஒருத்தி அருகிருக்கிறாள். வரைதற்கு வேண்டிய ஓய்வு அவர்களுக்கு இயல்பாகவே அமைந்திருந்தது. அவ்வோய்வைத் தாங்கிய உழைப்பு படத்தில் இல்லை.

இம்மரபிற் பயின்ற மகளிர் 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கும் வந்தனர். கொன்ஸ்ரன்ஸ் கோடன்-கமிங் (1837–1924) தாம் வரைந்த படங்களுடன் இலங்கையைப் பற்றி இரு தொகுதி நூலை 1892இல் வெளியிட்டார். மரியான் நோர்த் உலகெங்கும் சென்று செடிகொடிகளை எழுதியவர். எண்ணூறுக்கும் மேற்பட்ட அவர் ஓவியங்கள் 1882இல் திறக்கப்பட்ட கியூ பூங்கா மண்டபத்தில் உள்ளன. 1877இல் அவர் களுத்துறையில் ஜூலியா மார்கரெற் கமரொனின் விருந்தினராக இருந்தார். கமரொன் புகழ்வாய்ந்த ஒளிப்படக்காரர். கூந்தலை அவிழ்த்து, கம்பளி போர்த்தி, நண்பகல் வெயிலில் தென்னோலைகளிடையே நிறுத்தி, இயல்பாக இருக்குமாறு தம்மைப் பணித்ததை நோர்த் நகைச்சுவையுடன் நினைவுகூர்கிறார். அவ்வொளிப்படங்களுள் ஒன்றில் நோர்த் ஓவியத்தாங்கியின் முன் காணப்படுகிறார். வரையும் பெண்ணைப் பெண்ணொருத்தி படமாக்கிய இந்நிகழ்ச்சி நம் நாட்டிலேயே நிகழ்ந்தது.

அதே கமரொன் இலங்கையின் எளிய மாந்தரையும் படமெடுத்தார். நோர்த்தின் படம் நோர்த்தின் பெயரால் வழங்குகிறது. மற்றையோருட் பலர் 'இலங்கைப் பெண்', 'குடியானவர்' என்னும் பொதுப்பெயராலேயே வழங்குகின்றனர். கமரொனுக்கு எளியோர்பால் இகழ்ச்சி இருந்ததென்று கூறுவதற்கில்லை. அப்படங்களில் மாந்தர் பெருமிதத்துடனேயே தோன்றுகின்றனர். ஆயினும் பெயருடையவள் வரைபவள், பெயரற்றவள் வரையப்படுபவள் என்னும் பாகுபாடு அப்படங்களினூடே செல்கிறது. 1879இல் மலைநாட்டில் மறைந்த கமரொன் பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

ஊவாவின் படம்

ஊவாவின் மலைகள் இயற்கை எழிலென எழுதப்பட்ட காலத்திலேயே அவற்றின் காடு அழிந்து தோட்டமாகிக்கொண்டிருந்தது. முதலிற் கோப்பி வந்தது. 1869இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பியிலை நோய் முதன்முதலாக அவதானிக்கப்பட்டது. இருபதாண்டுகளில் அப்பயிர் வீழ்ந்தது. பின் தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேத்தென்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து தேநீர்க்கெண்டிக்கு நேரே வருவதென்று அவர் செய்த விளம்பரங்களில் கூடை சுமந்த தமிழ்ப்பெண்ணின் உருவம் உலகெங்கும் சென்றது. ஊவாவிலிருந்து புறப்பட்ட படங்களுள் இதுபோற் பரவியது பிறிதில்லை எனலாம்.

இவ்வுருவத்தை வரையும் மங்கையின் படத்தோடு வைத்து நோக்குக. இருவரும் இளம்பெண்கள், இருவரும் வெளியில் உள்ளனர், இருவர் கைகளும் நுண்தொழில் செய்கின்றன. இரண்டு இலையும் ஓர் அரும்பும் தெரிந்து கிள்ளும் விரல், எழுதுகோல் பிடித்த விரலினும் திறமையிற் குறைந்ததன்று. வேறுபாடு கண்ணில் உள்ளது. விளம்பரத்துப் பெண்ணின் கண் தான் செய்யும் தொழிலிலும் இல்லை, மலையிலும் இல்லை, வாங்குவோரை நோக்கிச் சிரிக்கிறது. உண்மையிற் கொழுந்து கொய்பவள் அவ்வாறு நோக்குவாளாயின் கூடை நிறையாது. நிறுவையில் எடை குறைந்தால் 'அரைப் பேர்' விழும். ஒருநாள் உழைப்பைப் 'பேர்' என்றே வழங்குவது தோட்டத்து வழக்கு. செக்றோலிற் பேர் விழுந்தது. படத்தின் கீழ்ப் பெயர் விழவில்லை.

மற்றொரு வேறுபாடு பலகையிற் புலனாகும். வரைபவளின் தாள் நமக்கு மறைந்திருக்கிறது. அவள் உள்ளம் அவளிடமே இருக்கிறது. கொய்பவளின் கூடையோ நம்மை நோக்கித் திறந்திருக்கிறது. அதில் உள்ளது அவளுடையதன்று. அது தொழிற்சாலைக்கும், அங்கிருந்து கொழும்புக்கும், பின் கடலுக்கு அப்பாலும் செல்வது. சாகரிகை இலங்கையிலிருந்து கடல்கடந்து பாரதம் சென்று பணிப்பெண்ணானாள். தோட்டப்பெண்ணின் முன்னோர் அங்கிருந்து கடல்கடந்து இங்கு வந்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்கள் வழித்தோன்றல்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. பிறப்பைச் சொல்லி மீட்க அவர்களுக்கு இலங்கை அமைச்சன் எவனும் வரவில்லை.

ஒரு தடையும் விடையும்

இங்கே ஒரு தடை எழலாம். தோட்டத்துப் பெண் வரைவதில்லை என்பது உண்மையன்று. மார்கழியிலும் தைப்பொங்கலன்றும் லயத்து வாசலில் அவள் வெண்பொடியாற் கோலம் இடுகிறாளே, அதுவும் திறந்தவெளியில் வரைதலன்றோ என்பர் சிலர். கருத்து அழகியது. வெண்பொடியும் வெண்கட்டியும் ஓரினம், இரண்டும் அழிவன. புள்ளிகளிடையே தளராது செல்லும் இழையில் அளவுணர்ச்சியும் நினைவாற்றலும் விளங்குகின்றன. கோலத்தைக் கலையெனக் கொள்ளாத திறனாய்வு குறையுடையதே.

ஆயினும் இத்தடையை முழுவதும் ஏற்றல் தகாது. கோலம் மரபு தந்த வடிவைக் கை மீண்டும் நிகழ்த்துவது. வெளிக்காட்சி வரைதலோ கண்முன் உள்ள ஒன்றை, இதுவரை எவரும் அவ்வாறு நோக்காதபடி நோக்கி, 'எனக்கு இவ்வாறு தோன்றுகிறது' என்று சாற்றுவது. முன்னது குலத்தின் மங்கலம். பின்னது தனியொருத்தியின் சாட்சி. ஒன்றை மற்றதற்கு ஈடாகக் காட்டி, அவளிடம் ஏற்கெனவே கலை உண்டு, தாளும் நேரமும் எதற்கு என்று அமைதியுறுவோமாயின், புகழ்ச்சியின் பெயரால் அவளுக்கு உரியதை மறுத்தவராவோம். நமுனுகுல மலையை நாள்தோறும் காண்பவள் அவள். அதனை அவள் எவ்வாறு காண்கிறாள் என்பதற்குக் கோலத்தில் விடை இல்லை.

வேண்டுவன

இலங்கையின் நவீன ஓவிய வரலாற்றில் 1943இல் தோன்றிய '43 குழு' பெருந்திருப்பம். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தரணியகலை முதலிய அதன் நிறுவனர் அனைவரும் ஆடவரே. பெண்ணுருவத்தை அவர்கள் புதுமையுற எழுதினர். எழுதும் பெண்ணுக்கு அந்நிறுவனர் வரிசையில் இடமிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1938இல் அமைத்த வின்சர் ஓவியக் கழகம் ஆசிரியர்களையும் இளைஞர்களையும் இயற்கையை நேரில் நோக்கி எழுதப் பழக்கியது. அத்தகைய முயற்சி தோட்டப் பாடசாலைகளை எளிதில் எட்டவில்லை. 1970களின் பிற்பகுதியிலிருந்தே அப்பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் பொறுப்பில் வந்தன. அங்கே கரும்பலகைக்கு வெண்கட்டி கிடைப்பதே முதற்கவலையாயிருந்த காலம் நீண்டது.

நிலைமை மாறத் தொடங்கியிருப்பதை மறுத்தலாகாது. மலையகத்தைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்று, தேயிலைத் தொழிலாளர் வாழ்வையே தம் கலைக்குப் பொருளாக்கியுள்ளார். வரையப்பட்டோரின் வழித்தோன்றல் வரைபவராதல் இங்கே நிகழ்ந்துவிட்டது. ஒருவர் பலராதல் வேண்டும்.

அதற்கு வேண்டுவன பெரியனவல்ல. ஊவாவின் பருவம் துணைசெய்யக்கூடியது. தென்மேற்குப் பருவமழை மலைத்தொடரின் மேற்குச் சரிவிற் பொழியும் ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாப் பக்கம் வறண்ட கச்சான் காற்று வீசும். அக்காலத்துக் கொழுந்தே நறுமணத்திற்குப் பெயர்பெற்றது. அக்காலத்து ஒளியோ மலையின் ஒவ்வொரு மடிப்பையும் பிரித்துக் காட்டும். ஈரத்திற் கட்டி தாளிற் படியாது. அவ்வறண்ட மாதங்களிற் படியும். சாம்பல் நிறத் தாள், மூன்று கட்டிகள், மடியில் ஒரு பலகை, பாடசாலையின் கால அட்டவணையில் களவாட வேண்டாத ஒரு நாழிகை, இவ்வளவே. ஆசிரியர் ஒருவர் மாணவியரைப் பசறையிலோ பண்டாரவளையிலோ சரிவொன்றில் அமர்த்தி, முன்னுள்ளதை நோக்கி எழுதுமாறு கூறுவாராயின் பயிற்சி தொடங்கிவிடும். ஒருத்தி மலையை எழுதும்போது மற்றொருத்தி அவளை எழுதட்டும். சுசங்கதை செய்தது அதுவே. நாழிகையின் இறுதியில் இரு படங்கள் எஞ்சும்: ஒன்று ஊவா மலை, மற்றது அதை நோக்கியவள்.

அவ்விரண்டின் கீழும் எழுதியவர் பெயரை எழுதுவித்தல் ஆசிரியரின் கடமை. படம் நன்றாயிருப்பினும் அன்றாயினும் பெயர் இருத்தல் வேண்டும். கட்டித்தூள் உதிர்ந்து கோடுகள் மங்கினாலும், எழுதியவள் யாவள் என்று பின்வருவோர் அறிவர். சான்பியின் சீமாட்டிக்கும் களுத்துறையில் அமர்ந்த நோர்த்துக்கும் தடையின்றிக் கிடைத்த அச்சிறு உரிமை, ஊவாத் தோட்டத்து மாணவிக்கும் கிடைக்குமாறு செய்தல் கலைக்கல்வியிற் பங்குடைய நம் அனைவர்க்கும் உரிய பணியாம்.